ஏழு வயது நாத்தனாரும் கொம்பெழுத்தும்

எனக்குக் கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தபோது பதினைந்து வயது. என் நாத்தனாருக்கு ஏழு. நாத்தனார் என்றால் கொஞ்சம் பயந்து நடந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் ஊர் திமிரியில் என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஆகவே ஏழு வயதுக்கும் பயந்துகொண்டேதான் வந்தேன். அந்தப் பயம் வீண்போகவில்லை. மறுநாள் காலையிலேயே அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள்.

"இது எங்கம்மா உக்கார்ற எடம். நீ உக்காரக் கூடாது. இது எங்கப்பா சொம்பு. நீ தொடக் கூடாது. இது என் தலகாணி. இதையும் தொடக் கூடாது."

"நான் எதத்தான் தொடலாம்?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "தொடப்பம்," என்றாள்.

என் மாமனார் தோல் கிடங்கில் மேஸ்திரி. அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கலந்த வாடை வீடு முழுவதும் சுற்றிவரும். முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் வாரம் மூக்கு சமாதானமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் சென்னையில், பெரியமேட்டுத் தோல் மண்டியில் சரக்குப் பிரிக்கும் வேலையில் இருந்தார். நான்கு ஆண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்ததால் என்னைக் கூட்டிப்போக வழியில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறி வருவார். அவர் பெயரை நான் அப்போதும் சொன்னதில்லை, இப்போதும் எழுதப்போவதில்லை.

நான் வரும்வரை அந்த வீட்டில் அவரைத் தவிர யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. மாமியாருக்கும் தெரியாது, மாமனாருக்கும் தெரியாது. நாத்தனாருக்குத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் இரண்டாவது வருடமாக இருந்தாள். தினமும் சாயங்காலம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஆடு வந்தது. ஆடு இலை தின்றது. ஆடு வயிறு நிறைந்து படுத்தது," என்று கணீரென்று படிப்பாள். மாமியார் அரிசி பொறுக்கிக்கொண்டே அந்த ஆட்டின் சௌகரியத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

நான் வந்த சில நாட்களில் ஒரு சாயங்காலம் அவள் பின்னால் குனிந்து எட்டிப் பார்த்தேன். ஆடு இலை தின்றுகொண்டிருந்தது. ஆனால் அவள் திறந்து வைத்திருந்த பக்கத்தில் ஒரு காக்கை தலைகீழாக உட்கார்ந்திருந்தது. நான் புது மருமகள். காக்கையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதத்துக்குள் உண்மை தானாக வெளியே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்தார். வந்தவர் தம் கைப்பையிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்து இவளிடம் நீட்டி, படி என்றிருக்கிறார். இவள் கொஞ்சமும் தயங்காமல் அதைப் பார்த்து, "ஆடு வந்தது. ஆடு இலை தின்றது," என்று ஆரம்பித்திருக்கிறாள்.

"இதுல ஆடே இல்லையே அம்மா," என்றாராம் அவர்.

"அடுத்த பக்கத்துல இருக்கும்," என்றாளாம் இவள்.

மறுநாள் தலைமை ஆசிரியை என் மாமனாரைக் கூப்பிட்டு அனுப்பினார். மாமனார் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வெட்கப்பட்டவர்போல இருந்தார்.

"ஒரெழுத்துகூடத் தெரியலயாம். மூணாவது வருசமும் ஒண்ணாங் கிளாஸ்ல வச்சிக்க முடியாதுன்றாங்க," என்றார் மாமியாரிடம்.

"போவட்டும். பொட்டப்புள்ள படிச்சி இன்னா ஆவணும்?"

"தோல் மூட்ட மேல இன்னா எழுதியிருக்குதுன்னு நான் தெனம் நாலு பேரக் கேக்குறேன். அவன் இன்னா சொல்றானோ அதத்தான் நம்பணும். எம் பொண்ணு அப்படி நிக்க வேணாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "நீ அஞ்சாங் கிளாஸ் படிச்சவதானேம்மா. சொல்லிக் குடு."

நான் தலையை ஆட்டினேன். தூணுக்குப் பின்னாலிருந்து நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது. அங்கே யார் வாத்தியார் என்பதுதான் முதல் தகராறு. நான் கல்மேல் உட்கார்ந்தால், கல் தனக்குத்தான் என்பாள். குச்சியை நான் பிடித்தால், குச்சி அவளுடையது என்பாள். ஓர் எழுத்துக்கு ஒரு துண்டு வெல்லம் என்று பேசி முடித்தோம். மூன்று நாளில் வெல்லம் கரைந்தது. எழுத்து ஒன்றும் ஏறவில்லை. காலையில் 'க' சொல்வாள். மத்தியானம் அதே எழுத்தைக் காட்டினால் 'த' என்பாள். சாயங்காலம் என் முகத்தைப் பார்த்து, என் புருவம் எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்து, அதற்கேற்றபடி மாற்றிக்கொள்வாள். என் முகத்தை அவள் நன்றாகவே படித்தாள்.

கொம்பெழுத்து வந்தபோது பெரிய சண்டையே வந்தது.

"கொம்ப முன்னாடி எழுதுறோம். ஆனா அதப் பின்னாடி சொல்றோம். ஏன்?"

"அது அப்படித்தான்."

"அப்ப அந்தப் பக்கத்துல இருந்து படிச்சா சரியா வரும் இல்ல? தோஸ்த் வூட்ல அப்படித்தான் படிக்கிறாங்க."

பக்கத்து வீடு பாய் வீடு. அந்த வீட்டுச் சின்னப் பெண்தான் இவளுடைய தோஸ்த். அவள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக ஓதுவதை இவள் சுவர்மேல் ஏறிப் பார்த்திருக்கிறாள். 'கெ' என்ற எழுத்தை வலப்பக்கத்திலிருந்து படித்தால் உண்மையில் சரியாகத்தான் வருகிறது. 'கல்' என்று எழுதி, அந்தப் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அதுக்கு மட்டும் இந்தப் பக்கத்துல இருந்து," என்றாள்.

இப்படி ஒரு மாதம் போனது. சிரித்துக்கொண்டு சொல்கிறேனே தவிர, அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனார் தினமும் வந்ததும், "இன்னிக்கி எத்தன எழுத்தும்மா?" என்று கேட்பார். எனக்குத்தான் ஐந்தாம் வகுப்புப் படிப்பு பறிபோகிறமாதிரி இருக்கும். ஒரு நாள், முந்தின தினம் பத்துத் தடவை எழுதிய 'ப'வைக் காட்டிக் கேட்டேன். 'ம' என்றாள். சிலேட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கல்மேல் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓரம் உடைந்துவிட்டது.

"மக்கு. உனக்கு இந்த ஜென்மத்துல வராது," என்றேன்.

அவள் திருப்பி ஏதாவது சொல்வாள், அம்மாவிடம் ஓடுவாள் என்று காத்திருந்தேன். அவள் அசையவில்லை. "நீ பாத்தா ஒண்ணு ஒண்ணும் வேற வேறயா இருக்குது அண்ணி. நான் பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்குது. நான் இன்னா பண்றது?" என்றாள். அழவில்லை. சந்தேகம் கேட்கிறவள்போலத்தான் கேட்டாள். உடைந்த சிலேட்டுத் துண்டைப் பொறுக்கிப் பாவாடையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தனை நாளும் அவள் திமிரால் படிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கண்ணுக்குப் புத்தகத்தில் எழுத்துகள் எப்படித் தெரிந்தன என்று ஒரு தடவையாவது கேட்டதில்லை. அன்று ராத்திரி சோறு போடும்போது மாமனார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நாலு எழுத்துப்பா," என்று அவளே எனக்காகப் பொய் சொன்னாள். அது என்னை இன்னும் சங்கடப்படுத்தியது.

அதன் பிறகு மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் மாமியார் அவளை இழுத்து வந்து என் முன்னால் உட்கார வைத்து, "பேனு ஜாஸ்தியா இருக்குது, பாரு," என்றுவிட்டுப் போனார். கோபமாக இருக்கிறவளுக்குப் பேன் பார்ப்பது சுலபமான காரியமல்ல. முதுகை மரப்பலகைமாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமாதானம் சொல்ல வாய் வரவில்லை. சும்மா இருந்த விரலால் அவள் முதுகில் ஒரு கோடு இழுத்தேன். பிறகு கீழே ஒரு கோடு. அது 'ட'வாக ஆகிவிட்டது.

"டானா," என்றாள் அவள், கோபத்தை மறந்து.

நான் பேன் பார்ப்பதை நிறுத்தினேன். 'ப' எழுதினேன். "பானா," என்றாள். 'ம' எழுதினேன். சுழித்துக்கொண்டு போகும்போதே, "மானா, கூசுது," என்றாள். சிலேட்டில் ஒரு மாதமாகக் குழப்பிய 'க'வையும் 'த'வையும் மாற்றி மாற்றி எழுதினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்ணுக்குப் பிடிபடாதது அவள் முதுகுக்குப் பிடிபட்டது. அன்று பேன் பிழைத்துப்போனது.

எழுத்துகளை அவள் கையால் தடவிப் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்று தோன்றியது. மாமனாரிடம் சொன்னேன். அவர் எதுவும் கேட்காமல், மறுநாள் கிடங்கில் வெட்டித் தள்ளுகிற ஓரத் துண்டுகளில் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். நான் அடுப்புக் கரியால் தோல்மேல் எழுதினேன். அவர் கிடங்குக் கத்தியால் கோட்டை விட்டு விலகாமல் வெட்டினார். ஒவ்வொன்றையும் வெட்டி முடித்ததும் தூக்கிப் பிடித்து, "இது இன்னாம்மா?" என்று கேட்டுக்கொள்வார். கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாம் தனித்தனித் துண்டு. நாலு நாள் சாயங்காலம் அந்த வேலை நடந்தது. ஊரில் எத்தனையோ தோல் எங்கெங்கோ கப்பலேறிப் போயிருக்கிறது. எழுத்தாகப் போன தோல் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்திருக்கும்.

முதல் நாளே தெருநாய் ஒன்று உள்ளே புகுந்து 'ஔ'வைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. நாத்தனார் தெருக்கோடி வரை துரத்திவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "பாதி தின்னுட்டுது. இப்ப இன்னா பண்றது?" ஔஷதம் சாப்பிடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. என்றாலும் ஓர் எழுத்து கம்மி ஆனதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு துண்டைத் தடவுவாள். பெயர் சொல்வாள். கண்ணைத் திறந்து பார்ப்பாள். பிறகு சிலேட்டில் அதைத் தேடுவாள். மெதுவாகத்தான் வந்தது. இரண்டு நாள் வரும், மூன்றாம் நாள் போய்விடும். மறுபடி தடவ வேண்டும். இந்தத் தடவை நான் புருவத்தை அசைக்கவில்லை. கொம்பை அவளே கையில் எடுத்து 'க'வுக்கு முன்னால் நகர்த்தி வைத்தபோது அந்தச் சண்டையும் ஒருவழியாகத் தீர்ந்தது.

"கொம்பு உன்ன மாதிரி அண்ணி. முன்னாடி வந்து நிக்கும். வாயத் தொறக்காது. பக்கத்துல இருக்குறவங்க பேசினப்புறம்தான் பேசும்."

நான் அந்த வீட்டில் எப்படி இருந்தேன் என்பதை யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

இதற்கு நடுவில் அவள் படிப்பில் திடீரென்று ஒரு வேகம் வந்தது. காரணம் எனக்குப் பிடிபடவில்லை. என் வீட்டுக்காரர் மாதம் இரண்டு கவர் எழுதுவார். தபால்காரர் வரும்போது மாமனார் கிடங்கில் இருப்பார். நான்தான் மாமியாருக்குப் படித்துக் காட்ட வேண்டும். கவருக்குள் பெரிய காகிதம் ஒன்று, சௌக்கியமா, மழை உண்டா என்று விசாரிக்கும். அதற்குள் மடித்து வைத்த சின்னக் காகிதம் ஒன்று இருக்கும். பெரியதைப் படித்து முடிப்பேன். சின்னது என் முந்தானைக்குள் போய்விடும்.

"அவ்ளோதானா?" என்பார் மாமியார்.

"அவ்ளோதான் அத்தை."

மாமியார் மேலே கேட்கமாட்டார். அவரும் ஒரு காலத்தில் மருமகளாக இருந்தவர். ஆனால் கதவருகே நின்றுகொண்டிருந்த ஏழு வயது, அந்தச் சின்னக் காகிதத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் நாலு தடவை கேட்டாள். "ஒண்ணுமில்ல," என்று நாலு தடவை சொன்னேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. வெல்லம் கேட்காமல், கல்லுக்குச் சண்டை போடாமல், மத்தியானம் தானே தோல் பையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு நானே ஒரு போலீஸ்காரியைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது தெரியாமல், அவளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று சாமிக்கு விளக்கேற்றினேன்.

கிடங்கு முதலாளியும் பாய்தான் என்பதால் கிடங்குக்கு வெள்ளிக்கிழமை லீவு. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமனார் வீட்டில் இருந்தார். மாமியாரும் பக்கத்து வீட்டு பாய் சம்சாரமும் வெற்றிலை மடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது. ஆட்டைப் பற்றிய குரல் அல்ல. திக்கித் திக்கி, ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"உ… ன… உனக்… கு… உனக்கு."

எட்டிப் பார்த்தேன். கூடத்து நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில், என் டிரங்குப் பெட்டியின் அடியில் பரப்பிய காகிதத்துக்குக் கீழே நான் ஒளித்து வைத்திருந்த சின்னக் காகிதம்.

ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். கஞ்சிப் பானையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு அடி எடுத்தும் வைத்தேன். அப்போது மாமனார் முகத்தைப் பார்த்தேன். அவர் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, மகளின் விரல் காகிதத்தில் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் தொண்டையும் அசைந்தது. நான் நின்றுவிட்டேன்.

"உனக்கு… எ… என்… று… ஒரு… சி… லை… சிலை. உனக்கென்று ஒரு சிலை வா… ங்… கி… வாங்கி… வைத்… திருக்… கிறேன்."



"சிலையா?" என்றார் மாமியார். "இவன் இன்னாத்துக்குச் சிலை வாங்குறான்?"

"சாமி சிலையா இருக்கும்," என்றார் மாமனார்.

"எந்தச் சாமின்னு போட்டிருக்குது?" என்று பாய் சம்சாரம் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்.

நாத்தனார் அடுத்ததைத் தேடிப் பிடித்தாள். "மா… ம்… பழ… க் கலர்."

"மாம்பழக் கலர்ல சாமியா?" மாமியாருக்குக் கவலை வந்துவிட்டது. "ஏய், நீ சரியாப் படி. பேஜார் பண்ணாத. சிலைன்னா எழுதியிருக்குது?"

"சிலைதான் எழுதியிருக்குது."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. பழையபடி நீயா எதனா சொல்லாத."

அவள் முகம் மாறியது. காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். விரல் அந்த எழுத்தின்மேலேயே நின்றது. எனக்கு அந்த விரலைத் தெரியும். இன்னும் ஒரு நிமிடம் போனால் அது காகிதத்தைக் கீழே போட்டுவிடும். அதற்கப்புறம் எடுக்கவே எடுக்காது.

"அவ படிச்சது சரிதான் அத்தை," என்றேன். கூடத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "எழுதினவங்கதான் மேல சுழி போட மறந்துட்டாங்க. சிலை இல்ல. சீலை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே உறைத்தது. கன்னம் சுட்டது. நாத்தனாருக்கு மட்டும் அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவள் தப்பு செய்யவில்லை, அண்ணன்தான் தப்பு செய்தான் என்று தெரிந்ததும் தெம்பு வந்து, கடைசி வரியை ஒரே மூச்சில் படித்துவிட்டாள்.

"அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்."

பாய் சம்சாரம் முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தார். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலையை வாயில் போட்டு, நிதானமாக மென்றார். "நான் ஒண்ணும் கேக்கலம்மா," என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாது."

மாமனார் அந்தப் பேச்சு எதிலும் இல்லை. "மறுபடி படி," என்றார் மகளிடம். அவள் படித்தாள். "இன்னொரு தபா," என்றார். அன்று என் காகிதம் ஐந்து தடவை படிக்கப்பட்டது. ஐந்தாம் தடவை, பாதி வழி வரை அவரும் கூடவே சொன்னார்.

அதோடு முடியவில்லை. மறுநாள் அவள் ஒரு கார்டு வாங்கி வரச்சொல்லி அண்ணனுக்கு எழுதினாள். நான் உதவக் கூடாது என்று கையால் மறைத்துக்கொண்டாள். முழுக் கார்டுக்கும் சேர்த்து மூன்றே வார்த்தை இருந்தது: 'எனக்கு பாவடை. அம்மாவுக்கு.' பாவாடையில் ஒரு கால் குறைந்தது. அம்மாவுக்கு என்ன என்று எழுத இடமில்லை.

தீபாவளிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னைக் கலவரத்தோடு பார்த்தார். பெட்டியில் மாம்பழக் கலர் சீலை ஒன்று, பாவாடைத் துணி ஒன்று. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கார்டில் இல்லாததால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சீலை, ஒரு கம்பளி, ஒரு வெற்றிலைப் பெட்டி. மாமியார் மூன்றையும் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாங்கள் தனியாக இருக்கும்போது அவர் கேட்டார். "எப்படி எல்லாருக்கும் தெரிஞ்சுது? யாரு சொன்னது?"

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்," என்றேன்.

அந்த வருடம் அவள் இரண்டாம் வகுப்புக்குப் போனாள். கெட்டிக்காரி என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. மற்றப் பிள்ளைகள் ஒரு பாடம் முடிக்கிற நேரத்தில் இவள் பாதியில் இருப்பாள். வரிக்குக் கீழே விரல் வைக்காமல் கடைசி வரை படித்ததில்லை. டீச்சர் விரலை எடு என்றால் எடுப்பாள். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் வைத்துக்கொள்வாள். ஒன்றரை வருடம் கழித்து என் வீட்டுக்காரருக்குத் தனி வீடு கிடைத்து நான் சென்னைக்குப் புறப்பட்டபோது, அவள் தெருப் பெண்களுக்கெல்லாம் கடிதம் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பது ஒரு வரி விடாமல் வெளியே வரும் என்பதால், புதிதாகக் கல்யாணமான பெண்கள் மட்டும் அவளைக் கூப்பிடமாட்டார்கள்.

நான் ரயிலுக்குக் கிளம்பிய காலையில் அவள் எழுந்து வரவில்லை. போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலேயே அவள் முதுகில் விரலால் எழுதினேன். போயிட்டு வர்றேன் என்று நீளமாக எழுதினேன். கடைசி எழுத்து வரும்வரை அசையாமல் இருந்தாள்.

"சீக்கிரம் வா," என்றாள் உள்ளேயிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, "என் தலகாணிய நீ எடுத்துக்கோ," என்றாள். எடுத்துக்கொண்டேன். பெரியமேட்டில் நாங்கள் இருந்த அந்தச் சின்ன வீட்டில் வெகு நாள் வரை அதுதான் எனக்குத் தலையணை.